பீலியில் வரும் சாயத்தண்ணி தொடர்பாக

முதல் பிழை என்னுடையது. அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு விளக்கம் கேட்டு யாரும் எனக்குப் படிவம் அனுப்ப வேண்டியதில்லை.

ஹல்துமுல்லையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மர்ஸூக் கொமியூனிகேஷன் என்று ஒரு கடை இருக்கிறது. அந்த மர்ஸூக் நான்தான். போட்டோ கொப்பி, லேமினேட்டிங், டைப்பிங், பெட்டிசம் எழுதுதல். சுற்றுவட்டத் தோட்டங்களில் யாருக்கு என்ன குறை இருந்தாலும் அது என் கடை வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகும். போனதில் எத்தனைக்குப் பதில் வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கந்தப்பன் அண்ணன் வந்தது ஆவணி மாதத்தில். ஊசிமலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியின் தலையை மட்டமாக வெட்டிவிடுகிற வேலை. சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். முன்னால் நின்ற ஆறு பேரும் போகும்வரை சுவரோரமாக நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

“நானா, ஒரு பெட்டிசம் எழுதணும்.” முஸ்லிம் ஆட்களை இந்தப் பக்கத்தில் அண்ணன் என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“செல்லுங்க அண்ணே. யாருக்கு?”

“அது தெரியலீங்க. தண்ணிய பாத்துக்கிறவங்க யாரோ, அவங்களுக்கு.”

விஷயம் இதுதான். மேலே, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், துணிக்குச் சாயம் போடுகிற தொழிற்சாலை ஒன்று வந்து நான்கு வருஷம். அதன் கழிவு ஓடையில் இறங்குகிறது. அந்த ஓடையிலிருந்து குழாய் இழுத்துத்தான் கீழ்ப்பிரிவு லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் கொட்டும் பீலி. முப்பத்தெட்டு வீடும் குடிப்பது, குளிப்பது, சமைப்பது எல்லாம் அந்தப் பீலியில் விழும் தண்ணீரில்தான். திங்களன்று நீலம். புதனன்று சிவப்பு. வெள்ளிக்கிழமையில் கறுப்பும் சிவப்புமாக ஒரு நிறம். கீழ்ப்பிரிவில் நாள் பார்க்க யாரும் கலண்டர் மாட்டுவதில்லை.

அண்ணனின் ஒரே மகள் நிஷாந்தினி. மருமகன் கொழும்பில் ஹோட்டல் வேலை. போன வருஷம் அவளுக்கு ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போய்விட்டது. இப்போது மறுபடி இரண்டு மாதம். கிளினிக் நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பீலித் தண்ணீரை இனி வாயில் வைக்காதே என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அண்ணன் தினமும் விடியும் முன்னே ஒன்றரை மைல் மலையேறி, புலிக்கல் ஊற்றில் ஒரு கேன் பிடித்துக்கொண்டு வந்து, பிறகு வேலைக்குப் போகிறார்.

“எத்தன நாளைக்கு நானா ஏறுறது? எனக்கு முழங்காலு போச்சு. புள்ள பொறக்கிறதுக்குள்ள பீலிய சுத்தமாக்கிக் குடுத்தாப் போதும். வேற ஒண்ணும் கேக்கலன்னு எழுதுங்க.”

அவர் சொன்னதைச் சொன்னபடியே டைப் செய்தேன். என் தொழிலில் அது என் பெருமை. ‘எங்கள் பீலியில் சாயத்தண்ணி வருகிறது. கர்ப்பிணியான என் மகளுக்கு அதைக் குடிக்கக் கொடுக்க முடியவில்லை.’ அண்ணன் கைநாட்டு வைக்கவில்லை. அழகாகக் கையெழுத்தே போட்டார்.

எங்கள் மலைப்பக்கத்தில் சாயத்தண்ணி என்றால் பால் சேர்க்காத வெறும் தேநீர் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதை டைப் செய்யும்போதே ஒரு கோப்பை என் மேசையில் இருந்தது. இருந்தும் தோன்றவில்லை. பெட்டிசம் போய்ச் சேர்ந்த பதுளை மாவட்ட அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர் அகராதியை எல்லாம் பார்த்து, மிகச் சரியாகச் சிங்களத்தில் எழுதிவிட்டார்: ‘எமது குழாயில் பிளேன்டீ வருகிறது.’

மூன்று வாரத்தில் ஆள் வந்துவிட்டது. கீழ்ப்பிரிவின் வரலாற்றில் இத்தனை வேகத்தில் எந்த அரசாங்கமும் வந்ததில்லை. வந்தவர் தேயிலைத் தரப் பரிசோதகர். உரிமம் இல்லாமல் தேநீர் உற்பத்தி செய்து குழாய் மூலம் விநியோகிக்கிறார்கள் என்று அவருக்குக் கடிதம் போயிருக்கிறது. அன்று திங்கட்கிழமை. பீலி நீலமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, முகர்ந்து, படிவத்தை நிரப்பினார். ‘நிறம்: ஊவா மாகாணத் தேநீருக்குரியதல்ல. மணம்: இல்லை. ஏற்றுமதிக்கு உகந்ததல்ல.’

“ஐயா, இது தேத்தண்ணி இல்லீங்க. சாயத்தண்ணி” என்றார் அண்ணன்.

“அதுதானே நானும் எழுதியிருக்கிறேன்” என்றார் அவர்.

கோப்பில் தேயிலை என்ற சொல் ஒருமுறை ஏறிவிட்டால் இறங்காது. தேயிலை தாவரம். தாவரம் சம்பந்தப்பட்ட தண்ணீர்ப் பிரச்சினை யாருடையது என்று பதுளையில் தேடியபோது, அப்படி ஒரு பிரச்சினைக்காகவே காத்துக்கொண்டு ஒரு நிறுவனம் இருந்தது. தாவரவழி நுண்துகள் நீர்மீட்பு அதிகாரசபை. ஆரம்பித்து ஆறு வருஷம். கட்டடம் இருந்தது, வாகனம் இருந்தது, பெயர்ப்பலகை மூன்று மொழியில் இருந்தது. மீட்பதற்குத் தண்ணீர்தான் இல்லாமல் இருந்தது.

ஐப்பசியில் அவர்கள் புள்ளக்காம்பராவில் வந்து இறங்கினார்கள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அறை அது. தொட்டில்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஆய்வுகூடம் என்று பலகை மாட்டினார்கள். பணிப்பாளர் கலாநிதி தயாபரன் வந்திருந்தார்; கலாநிதி என்பது அவர் வாங்கிய முனைவர் பட்டம். அவருக்குக் கூட்டம் என்றால் உயிர். லயத்து ஜனம் நாற்பது பேரை முற்றத்தில் உட்கார வைத்துப் பேசினார்.

“அன்பார்ந்த பயனாளிகளே, நீர் மாசடைந்திருப்பது ஒரு குறை அல்ல, ஒரு வாய்ப்பு. இந்தப் பீலி சுத்தமாக இருந்திருந்தால் இன்று நான் உங்கள் முன் நின்றிருப்பேனா? மேலேயிருக்கும் தொழிற்சாலையை நீங்கள் எதிரியாக நினைக்கக்கூடாது. அது நமது திட்டத்துக்கு இடையறாது மூலப்பொருள் வழங்கும் பங்காளி.”

ஜனம் கைதட்டியது. இந்தத் தோட்டத்தில் கால்சட்டை போட்ட ஒருவர் பேசி நிறுத்தினால் கைதட்ட வேண்டும் என்பது பழக்கம்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவர்களுடைய மருந்து பொய் இல்லை. றிப்கா என்று ஒரு இளம் விஞ்ஞானி வந்திருந்தாள், பதுளைப் பிள்ளை, உண்மையாக வேலை தெரிந்தவள். கழித்துப்போட்ட முற்றிய தேயிலையை நல்ல தண்ணீரில் காய்ச்சி வடித்து, அதில் இரும்பு உப்புக் கரைசலை விட்டாள். சட்டென்று மை மாதிரிக் கறுத்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் உண்டாகின்றன, அவைதான் சாயத்தைப் பிடித்து உடைக்கும் என்று விளக்கினாள்.

கந்தப்பன் அண்ணன் எட்டிப் பார்த்தார். “இது துருப்புடிச்ச வாளியில தேத்தண்ணி ஊத்தின மாதிரி இருக்குதுங்களே.”

“சரியாச் சொன்னீங்க அங்கிள், கிட்டத்தட்ட அதுதான்” என்றாள் அவள்.

கலாநிதி தயாபரன் அதை உடனே குறித்துக்கொண்டார். ‘பாரம்பரிய வாளித் தொழில்நுட்பம்’ என்று அறிக்கையில் ஒரு அத்தியாயம் வந்தது. அதை நான்தான் நூறு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு போத்தல் புதன்கிழமைப் பீலித் தண்ணீரில் அந்தக் கறுப்பை விட்டுக் குலுக்கி வைத்தாள். பதினெட்டு நிமிஷம். சிவப்பு மங்கி, கலங்கி, அடியில் கறுப்பாகப் படிந்தது. வடிகட்டியபோது மேலே தண்ணீர் தண்ணீராக நின்றது. அண்ணன் அந்தப் போத்தலை இரண்டு கையாலும் தூக்கி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தேன். என்னுடையதும்தான்.

“அம்மா, இத எப்ப பீலியில வைப்பீங்க? புள்ள பங்குனியில பொறந்துரும்.”

றிப்கா பணிப்பாளரைப் பார்த்தாள். “சேர், தொழிற்சாலைக் கழிவு வெளியே வார இடத்திலேயே ஒரு தொட்டி கட்டினா ரெண்டு மாசத்தில முடிச்சிரலாம்.”

கலாநிதி சிரித்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். “தொழிற்சாலையிலேயே சுத்தம் செய்துவிட்டால், மிஸ் றிப்கா, பீலியில் நாம் எதைச் சுத்தம் செய்வது?”

பீலி நான்காம் கட்டம் என்றார்கள். போத்தல் முதலாம் கட்டம். இரண்டாம் கட்டம் விழிப்புணர்வு. மூன்றாம் கட்டம் விழிப்புணர்வு ஏற்பட்டதா என்று மதிப்பிடுவது. நான்காம் கட்டத்துக்குத் திகதி போடும் குழுவை நியமிக்க ஒரு குழு இருந்தது.

மார்கழியில் இரண்டாம் பிழை நடந்தது. அது அண்ணனுடையது. துகள் செய்வதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். அதுவரை பதுளையிலிருந்து போத்தலில் கொண்டுவந்தார்கள். வாகன அனுமதி முடிந்துபோனது. இந்தப் பக்கத்தில் எங்காவது கலப்படமில்லாத நீர் இருக்கிறதா என்று பணிப்பாளர் கேட்டார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் உதவி கேட்கிறவரிடம் இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர் இவர்.

“இருக்குதுங்க. புலிக்கல் ஊத்து. வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

அடுத்த வாரம் ஊற்றைச் சுற்றிக் கொங்கிரீட் பெட்டி எழும்பியது. பச்சை இரும்புக் கதவு, பூட்டு, பலகை: ‘திட்ட நீர். பொதுமக்கள் தொடக்கூடாது.’ ஊற்றைக் காட்டித் தந்த நன்றிக்காக அண்ணனுக்குத் தொப்பி ஒன்றும் பூட்டுக்குரிய திறப்பு ஒன்றும் கொடுத்து, நீர்மூலக் காவலர் என்று நியமனக் கடிதமும் கொடுத்தார்கள். கடிதத்தை நான்தான் லேமினேட் செய்தேன். மகளுக்குத் தண்ணீர் எடுத்த ஊற்றை மகளிடமிருந்து காப்பாற்றுகிற வேலை அவருக்கு என்பதை, லேமினேட் சூட்டில் கடிதம் வெளியே வரும்போதுதான் நான் உணர்ந்தேன். அவர் அதற்கு முன்பே உணர்ந்திருக்க வேண்டும். தொப்பியைக் கையிலேயே வைத்திருந்தார்.

அவர் செய்யக்கூடியதைச் செய்தார். விடியற்காலையில் தானே கதவைத் திறந்து, முன்போலவே ஒரு கேன் பிடித்து, பூட்டிவிட்டு வந்தார். தை மாதத்தில் பிடிபட்டார். பெட்டிக்குள் நீர்மட்டக் கருவி வைத்திருந்தார்கள். தினமும் ஐந்து லீற்றர் குறைந்தது. விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள்.

“யாருக்குக் கொடுத்தீர்கள்?”

“எம் மகளுக்குங்க. ஏழு மாசம். போன தடவ ஏழாம் மாசத்துலதாங்க...”

“ஏழு மாதம் என்பது பதிவேட்டில் இல்லை” என்றார் ஒருவர்.

கலாநிதி தயாபரன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “கந்தப்பன், ஒரு தனிநபரின் தாகத்துக்காக ஒரு சமூகத்தின் நீரைப் பணயம் வைக்கலாமா? நாங்கள் யாருக்காக இதையெல்லாம் செய்கிறோம்? உங்கள் மகளைப் போன்ற கர்ப்பிணிகளுக்காகத்தானே?”

இரண்டாவது பூட்டு ஒன்று போட்டு அதன் திறப்பைப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அண்ணன் காலைப் பஸ்ஸில் என் கடைக்கு வந்து கேன் நிரப்பிக்கொண்டு போனார். மழையில் மண் சரிந்து பஸ் ஓடாத நாட்களில் நடந்து வந்தார். போக வர பதினான்கு கிலோமீற்றர். ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “நானா, அந்தப் பெட்டிசத்த திருப்பி வாங்க முடியுங்களா?” என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்ப்போம் என்றேன்.

பங்குனியில் நிஷாந்தினி பதுளை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். அதே வாரம் வெள்ளிக்கிழமை, திட்டத்தின் முதலாம் கட்ட நிறைவு விழா. கொழும்பிலிருந்து ஒரு செயலாளர் வந்தார். பெனர் என் கடையில் அடித்தது, அதனால் நானும் போயிருந்தேன். மேடையில் பட்டுத் துணி விரித்து அந்த ஒரு போத்தலை வைத்திருந்தார்கள். ஐப்பசியில் தெளிந்த அதே போத்தல். ஊற்றுக் கதவைப் பிரமுகர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக இரண்டாவது திறப்பும் பதுளையிலிருந்து வந்திருந்தது.

செயலாளரின் வாகனம் வளைவில் தெரிந்ததும் பணிப்பாளர் பரபரத்தார். “கந்தப்பன், மேடைக்கு வரும் பதினொரு பேருக்கும் சாயத்தண்ணி.”

அண்ணன் அசையவில்லை. “சாயத்தண்ணிங்களா ஐயா?”

“ஆமாம், சாயத்தண்ணிதான். சீக்கிரம்.”

“ஊத்துல ஒரு கேன் எடுத்துக்கிடட்டுங்களா?”

“திட்ட நீரில் ஒரு சொட்டும் தொடக்கூடாது. எத்தனை தரம் சொல்வது?”

“அப்ப எந்தத் தண்ணியிலங்க?”

“இருக்கிற தண்ணியில் போடுங்கள்!” என்று சொல்லிவிட்டு அவர் மாலையோடு ஓடினார்.

இருக்கிற தண்ணீர் பீலியில் இருந்தது. வெள்ளிக்கிழமைத் தண்ணீர். தேயிலை போட்டதும் எது எந்த நிறம் என்று யாருக்கும் தெரியவில்லை. சீனி போட்டு, தட்டில் வைத்து, பதினொரு கோப்பையும் மேடைக்குப் போனது. குடித்துக்கொண்டே பேசினார்கள். இப்படி ஒரு நிறமும் கனமும் ஊவாவில் மட்டுமே கிடைக்கும் என்றார் செயலாளர். கலாநிதி தயாபரன் இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கினார். பேச்சின் நடுவே செயலாளர் அண்ணனைக் கூப்பிட்டு, இந்தத் தேநீர் எப்படிப் போட்டது என்று அன்பாக விசாரித்தார்.

அண்ணன் தொப்பியைக் கழற்றினார். “பீலித் தண்ணிங்க. நாங்க நாலு வருசமா குடிக்கிறது. பெட்டிசத்துல எழுதினோமே, அந்தச் சாயத்தண்ணி.”

மேடையில் ஒரு கோப்பை விழுந்தது. மொழிபெயர்ப்பு உத்தியோகத்தரும் அங்கேதான் இருந்தார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிங்களத்தில் செயலாளருக்கு விளக்கிச் சொன்னார். எங்கள் பெட்டிசம் சரியாக மொழிபெயர்க்கப்பட்டது அந்த நிமிஷத்தில்தான். பதினொரு பேரும் ஊற்றை நோக்கி ஓடினார்கள். இரண்டு பூட்டும் ஒரே நேரத்தில் திறந்தன. கொப்பளித்தார்கள், குடித்தார்கள், விரலை விட்டு வாந்தி எடுத்தார்கள், மறுபடி கொப்பளித்தார்கள். பெட்டி வற்றும்வரை கொப்பளித்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அப்படியொரு சந்தோஷம்.

“வேணும்னுதானே அண்ணே?” என்று கேட்டேன்.

“கெடுதல் நெனக்கல நானா. நான் கேட்டேன், அவங்கதான் சொன்னாங்க.” கையிலிருந்த தொப்பியைத் திருப்பிப் பார்த்தார். “அவங்க வாயில பட்டாலாவது வெளங்குமேன்னு பாத்தேன். இனி ஏதாச்சும் செய்வாங்கதானே?”

செய்தார்கள். பதினொரு பேரையும் பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்து இரத்தம், சிறுநீர், ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்த்தார்கள். அதே ஆஸ்பத்திரியில் கீழ் மாடியில் நிஷாந்தினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டேகால் கிலோ. உயிரோடு, நல்ல சத்தத்தோடு.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. முதல் தடவையாகத் தமிழில், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். என் கடையில் வைத்து அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன்.

‘உங்கள் முறைப்பாடு தொடர்பாக. மேற்படி பீலியின் நீரைச் சிரேஷ்ட உத்தியோகத்தர் பதினொருவர் நேரடியாக அருந்தி, பின்னர் முழுமையான மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டதில், எவருக்கும் எவ்விதப் பாதிப்பும் இல்லையென உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. எனவே மேற்படி நீர் அருந்துவதற்கு உகந்ததெனச் சான்றளிக்கப்படுகிறது. முறைப்பாடு இத்துடன் முடிவுறுத்தப்படுகிறது. காவலர் பதவியிலிருந்து நீங்கள் நீக்கப்படுவதுடன் தொப்பியை ஒப்படைக்கவும்.’

அண்ணன் கேனை நிரப்பிக்கொண்டு, கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். றிப்காவைப் பற்றி விசாரித்தேன், இடமாற்றம் செய்துவிட்டார்களாம்.

மகளும் பேத்தியும் லயத்துக்கு வந்த அன்று குழந்தையைப் பார்க்க நானும் போயிருந்தேன். அண்ணன் கொண்டுவந்த கேன் குடிக்க மட்டும்தான் காணும். நிஷாந்தினி பீலிக்குப் போய்ப் பெரிய சட்டியில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்திருந்தாள். இளஞ்சிவப்பு. குழந்தையைக் குளிப்பாட்டத் துணி எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அண்ணன் உள்ளே வந்து சட்டியைப் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“பயப்படாதீங்கப்பா. ஒங்க சட்டப் பையில கடுதாசி பாத்தேன். டொக்டர்மாருங்க எல்லாம் பாத்துத் தண்ணி நல்லதுன்னு போட்டிருக்காங்களே.”

அந்த மனிதர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். “அது நான் போட்டுக் குடுத்த சாயத்தண்ணிம்மா!” என்று கத்தினார். “நாந்தாம்மா போட்டுக் குடுத்தேன்!” சட்டியைக் கையாலேயே தூக்கி முற்றத்தில் ஊற்றினார். கை வெந்துபோனது. குழந்தை அழுதது. அவர் சுவரில் சாய்த்திருந்த அலவாங்கை, அந்த இரும்புக் கடப்பாரையை, எடுத்துக்கொண்டு, நொண்டி நொண்டி மலை ஏறினார். யாரும் தடுக்கவில்லை. முதலில் நான் போனேன், பிறகு குடம் எடுத்துக்கொண்டு லயமே போனது.

அன்று குழந்தையை ஊற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். நான்கு நாள் கழித்துப் பெட்டிக்கு இன்னும் பெரிய கதவு வந்துவிட்டது.

நேற்று அதிகாரசபையிலிருந்து ஒரு இளைஞர் கடைக்கு வந்தார். மரியாதையான பிள்ளை. கந்தப்பன் என்பவருக்கு எதிராகப் பொலிஸில் கொடுக்கும் முறைப்பாடு, இரண்டு பக்கம், மூன்று பிரதி வேண்டுமாம்.

மெஷின் பழுது என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பின்னால் அது யாருடைய பிறப்புச் சான்றிதழையோ எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

“பழுது” என்றேன் மறுபடியும்.